நாற்பத்து மூன்று கிலோ

விமானத்தில் ஏறி உட்காருகிறவர்களுக்குத் தங்கள் காலுக்குக் கீழே என்ன போகிறது என்று தெரியாது. நாற்காலிகளுக்கு அடியில் ஒரு தளம், அந்தத் தளத்துக்கு அடியில் விமானத்தின் வயிறு. பயணிகளின் பெட்டிகள் போக மிச்சமிருக்கும் இடத்தில் மருந்தும் மீனும் மோட்டார் பாகங்களும் தபால் மூட்டைகளும் போகும். சில நாள் ஒரு நாய் போகும். சில நாள் ஒரு சவப்பெட்டி போகும். மேலே ஒருவர் ஜன்னல் இருக்கைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

அப்படிப் போகிறவற்றையெல்லாம் கட்டி அனுப்பும் கார்கோ ஷெட்டில் எடை பார்க்கும் வேலை பூச்சியினுடையது.

பூச்சி என்பது அங்கே விழுந்த பெயர். சேர்ந்த முதல் வாரத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கொம்பன், "வாயில்லாப்பூச்சி ஒண்ணு வந்திருக்கு, பார்த்து நடங்கப்பா, மிதிச்சிடப் போறீங்க" என்றான். நாளடைவில் வாயில்லா என்பது உதிர்ந்துபோய் பூச்சி மட்டும் நின்றது. கொம்பனுக்கும் அது வீட்டில் வைத்த பெயரில்லை. அவன் வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கொம்புகள் வைத்த பெயர்.

பூச்சிக்கு முப்பத்தொரு வயது. நாலு வருடமாக அங்கே இருக்கிறாள். ஒரு நாளில் அவள் பேசுவது பெரும்பாலும் எண்கள்தான். அகலமான அலுமினியத் தட்டின் மேல் பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வலை போட்டு இறுக்குவார்கள். அதற்குப் பேலட் என்று பெயர். பயணிகள் விமானத்துக்கான பேலட் அவள் தலைக்கு நாலு விரல் மேலே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் நுழையாது. வாரம் இரண்டு முறை வரும் சரக்கு விமானத்தில் மனிதர்களே இல்லை, ஓட்டுகிறவர்களைத் தவிர. அதற்குக் கட்டும் பேலட் ஒரு சின்ன வீடு உயரம் இருக்கும். எதுவானாலும் கடைசியில் டிராக்டர் அதைத் தள்ளுவண்டியோடு இழுத்துவந்து தரைத் தராசின் மேல் நிறுத்தும். வண்டியின் எடையைத் தராசே கழித்துக்கொள்ளும். பூச்சி எண்ணைப் படித்து அட்டையில் எழுதுவாள். பிறகு போனை எடுத்து லோடு மேடத்துக்குச் சொல்வாள்.

"ஒண்ணாம் பேலட், ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு."

"ம்."

"ரெண்டாம் பேலட், ஆயிரத்து எழுநூத்து முப்பது."

"ம்."

லோடு மேடம் எதிர்க் கட்டிடத்தில் உட்கார்ந்திருப்பவர். எந்த எடை விமானத்தில் எங்கே உட்கார வேண்டும், எரிபொருள் போக எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்பவர் அவர்தான். நாலு வருடத்தில் பூச்சி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த "ம்" மட்டும் தெரியும். சளி பிடித்திருந்தால்கூடத் தெரியும்.

தராசு தரையோடு தரையாக இருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு. கோட்டுக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. சக்கரங்கள் ஏறி இறங்கிக் கோடு பாதி அழிந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்பு, பூச்சியின் மேஜைக்குப் பக்கத்திலிருந்த எடை காட்டும் சின்ன எண்பலகை பழுதாகி, அதற்குப் பதிலாகப் பெரிய ஒன்றை எதிர்த் தூணில் உயரமாக மாட்டினார்கள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்தது. பூச்சிக்கு மட்டும் அது சிவப்பாக ஏதோ கரைந்து ஒழுகுவது போலிருந்தது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வராமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். அந்தப் பெண்ணை வேறு பெஞ்சுக்கு மாற்றியதோடு பூச்சியின் படிப்பு முடிந்தது. வீட்டில் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

இப்போதும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேஜையை விட்டு நாலடி முன்னால் போனால் எண் தெளிந்தது. நாலடி போனாள்.

அவள் குடியிருந்தது ஒரு பூட்டுக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில். கட்டில், ஸ்டவ், ஒரு நாற்காலி. இரண்டு நாற்காலி வாங்கலாம் என்று ஒரு தடவை நினைத்தாள், யாருக்கு என்று விட்டுவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு இருந்தது தங்கை ஒருத்தி. அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் ஐந்து வருடம். தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானம் நேராகத் தங்கையின் ஊருக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் செய்வாள்.

"சாப்ட்டியாக்கா?"

"ஆச்சு."

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"ஒனக்கு ஒண்ணுமில்லன்னா எனக்கு மட்டும் என்ன இருக்கு. சரி, புள்ள அழுவுது, வெச்சிடறேன்."

பிள்ளை அழும் சத்தம் பூச்சிக்குக் கேட்காது. ஆனாலும் நம்புவாள்.

அன்று வியாழக்கிழமை. முதல் நாள் வரவேண்டிய சரக்கு விமானம் வேறெங்கோ எஞ்சின் கோளாறில் நின்றுவிட்டது. அதற்காகக் கட்டியிருந்த உயரமான பேலட்டுகளைப் பிரித்து, குள்ளமாக மறுபடி கட்டி, பயணிகள் விமானத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கொம்பன் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதைக் கேட்பவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஷெட்டின் ஓரத்தில், காற்று வரும் கதவருகே, இருபத்து நாலு அட்டைப் பெட்டிகள் ஒரு தள்ளுவண்டியில் இருந்தன. எல்லாவற்றிலும் வட்ட வட்டமாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் நூறு கோழிக்குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்து இரண்டரை நாள் ஆகியிருந்தது. அவையும் சரக்கு விமானத்தில் போயிருக்க வேண்டியவை. அவற்றைக் கொண்டுவந்த பண்ணைக்காரர் நேற்றிலிருந்து அந்த வண்டியை விட்டு நகரவில்லை.

"என் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நான் இப்படிக் காத்துக் கெடக்கல" என்றார் கொம்பனிடம். "அவ கேள்விப்பட்டா கொன்னுடுவா."

"தீனி போடறதுதானே அண்ணே, இந்தக் கத்து கத்துதே?"

"இப்பத் தீனி வேணாம்யா. பொறந்தா மூணு நாளைக்கு வயித்துக்குள்ளயே மஞ்சக்கரு இருக்கும், அத வெச்சு ஓட்டிக்கும். மூணாம் நாள் தாண்டினா தண்ணியும் தீனியும் கண்ணால பார்த்தாகணும். இன்னைக்கு ரெண்டு மணிக்குப் போனாத் தப்பிச்சுது. நாளைக்குப் போனா அங்க இறக்கி வெச்சுக் குழிதான் வெட்டணும்."

பூச்சி மேஜையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து நானூறு குரல்கள். ஒன்றுகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூன்று பேலட்டுகளையும் எடை பார்த்து முடித்தாள். லோடு மேடத்திடம் சொன்னாள். வழக்கமான "ம்" வரவில்லை.

"சூப்பர்வைசரக் கூப்பிடு."

அவர் போனை வாங்கிக் கேட்டார். தலையைச் சொறிந்தார். வைத்துவிட்டுப் பண்ணைக்காரரிடம் போனார். பூச்சிக்கு எல்லாம் கேட்டது.

"எதிர்க்காத்து ஜாஸ்தியாம். கூடுதலா எண்ணெய் ரொப்பறாங்க. மேல ஒரு சீட்டும் காலி இல்ல. மூணு பேலட் போகும், அதுக்கு மேல ஒரு கிலோ ஏத்த முடியாதுன்னுட்டாங்க."

"நூத்தி இருபது கிலோதானே சார். ரெண்டு ஆள் கனம்."

"ரெண்டு ஆளுக்கு இடம் இருந்தா டிக்கெட் வித்திருப்பாங்கய்யா."

"பேலட்லேருந்து ஏதாவது எடுத்து வையுங்க சார். நட்டு போல்ட்டு நாளைக்குப் போனா செத்தா போகும்?"

"ஒரு பேலட்டப் பிரிச்சுக் கட்ட ஒரு மணி நேரம் ஆவும். இன்னும் நாப்பது நிமிஷத்துல அத்தனையும் விமானத்துக்கிட்ட இருக்கணும்." அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "சரி, ஒண்ணு பண்ணுவோம். தீனி திங்காத குஞ்சுதானே, எடை குறைஞ்சிருக்கும். எவ்வளவுன்னு பார்ப்போம். குறைச்சலா இருந்தா மேடத்துகிட்ட கெஞ்சிப் பாக்கறேன். பூச்சி, இத எடை போடு."

பெட்டி வண்டியைத் தராசின் மேல் தள்ளினார்கள். பூச்சி நாலடி முன்னால் போனாள்.

"நூத்தி அறுபத்து மூணு" என்றாள்.

பண்ணைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பண்ணையில நூத்தி இருபதும்மா. குஞ்சு ரெண்டு நாள்ல நாப்பத்து மூணு கிலோ போடுமா? நான் என்ன யானையா கொண்டாந்திருக்கேன்?"

"ஒங்க தராச அப்புறம் பாருங்க. எங்க தராசுக்குப் போன மாசம்தான் சோதனை போட்டாங்க." சூப்பர்வைசர் கையை விரித்தார். "இனிமே என்ன பேசறது. முதலாளிக்குச் சொல்லிடுங்க."

அவர் தன் கண்ணாடி அறைக்குப் போனார். பண்ணைக்காரர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தராசின் மேல் குஞ்சுகளும் பூச்சியும் மட்டும் இருந்தார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் கோடு அவள் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது.

கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தாள். எண்பலகை சிவப்பாகக் கரைந்தது. செல்போன் கேமராவை உயர்த்தி, படத்தைப் பெரிதாக்கி, பார்த்தாள். நூற்றிருபது. மறுபடி நாலடி போனாள். நூற்று அறுபத்து மூன்று. இன்னொரு தடவையும் செய்தாள்.

ஆறு வாரம். தினமும் மூன்று பேலட். அத்தனையிலும் அவள் ஏறி நின்றிருந்தாள். தன் எடையையும் சேர்த்து எழுதியவளும் அவள்தான். தங்கையின் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை காகிதத்தில் போய் இறங்கியிருக்கிறாள். அங்கே யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வந்து சேரவில்லையே, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைக்கும் மூன்று தடவை. மூன்று நாற்பத்து மூன்று நூற்று இருபத்தொன்பது. குஞ்சுகள் நூற்றிருபதுதான்.

அந்த இடத்தில் யாரும் எதுவும் அவளிடம் கேட்கவில்லை. பேசாமல் மேஜைக்குப் போய் உட்கார்ந்தால் போதும். நாளையிலிருந்து செல்போனில் பார்த்து எழுதினால் எவருக்கும் தெரியப்போவதில்லை. போன வருடம் இதே மேஜையில் மாலை முறைக்கு இருந்தவர் ஒரே ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டார். எடைத் தப்பு என்றால் அங்கே மன்னிப்புக் கிடையாது, விமானத்தின் விஷயம். மறுநாள் அவருடைய டிபன் பாக்ஸ்கூட அலமாரியிலேயே கிடந்தது. இந்த வேலை போனால் பூச்சிக்கு அந்த ஒற்றை அறைதான். "ம்" என்று சொல்லக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

பெட்டித் துளை ஒன்றில் ஒரு அலகு வந்து வந்து போனது. அவள் விரல் நுனியை அங்கே வைத்தாள். அது கொத்தியது. வலிக்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இரு என்று கையைக் காட்டினார். பூச்சி நின்றாள். அவர் ஒரு பேச்சை முடித்து இன்னொரு பேச்சைத் தொடங்கினார். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. சுவர்க் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவளாகக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை.

"நான் தராசுல நின்னேன்."

"எப்போ?"

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"புது போர்டு மாட்டினதுலேருந்து. மேஜையிலேருந்து தெரியல சார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கிட்டன்னா, உள்ள."

அவர் போனை, எதிர்முனையில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே, கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அவர் வெளியே வந்து கத்தினார். டிராக்டர் ஓடி வந்தது. மூன்று பேலட்டுகளும் வரிசையாகத் தராசுக்குத் திரும்பி வந்தன. பூச்சியைக் கோட்டுக்கு ரொம்பத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கொம்பன் எண்களைச் சத்தமாகப் படித்தான். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு என்று அவள் எழுதியது ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்பதாக வந்தது. மற்ற இரண்டும் அதே அளவு இறங்கின.

"இப்ப நீ ஏறு" என்றார் சூப்பர்வைசர்.

வலை கட்டுகிறவர்கள், டிராக்டர்காரர், பண்ணைக்காரர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெறும் தராசின் மேல் ஏறி நின்றாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நாப்பத்து மூணு" என்றான் கொம்பன். "இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா ஒரு விமானத்தையே மறிச்சே?"

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. லோடு மேடத்துக்குப் புது எடைகளைச் சொன்னார். அந்தப் பக்கம் நீளமாக எதையோ கேட்டார்கள். "தெரியும் மேடம்... எழுதி வாங்கறேன் மேடம்..." என்றார். பிறகு பண்ணைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பண்ணைக்காரருக்கு என்ன நடந்தது என்று முழுதாகப் புரியவில்லை. குஞ்சுகள் போகின்றன என்பது புரிந்தது. "சார், ஒங்க புண்ணியம்" என்று சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி கதவைத் தாண்டும்போது அதன் பின்னாலேயே, அதற்கு மேல் அனுமதியில்லாத கோடு வரைக்கும், ஓடினார். குஞ்சுகளின் சத்தம் வெயிலில் கொஞ்சம் தூரம் கேட்டது. அப்புறம் எஞ்சின் சத்தம்தான்.

சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத் தாளைப் பூச்சியின் மேஜையில் வைத்தார்.

"நடந்தத எழுதிக் குடு." நகராமல் நின்றார். "ஆறு வாரம். எத்தனை பேரு அந்தக் கவுண்டர்ல வந்து நின்னாங்க. இடமில்ல, போங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு அம்மா மகளுக்குன்னு ஒரு பார்சல வெச்சுக்கிட்டு நாலு நாள் வந்துது. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பச்சைத் துணியில் சுற்றிய பார்சல், முப்பத்தெட்டு கிலோ.

"கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போர்ட ஒன் மூஞ்சிக்கு நேரா மாட்டியிருப்பேனே. அதுக்கு என்ன, ஆணி அடிக்கற வேலைதானே."

அவள் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எல்லாரும் எழுந்து போனார்கள். கொம்பன் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தான். நாலு வருடத்தில் அது முதல் தடவை. வேகமாகச் சாப்பிட்டான்.

"கண்ணு எதுவரைக்கும் தெரியும்?"

"அந்த ரெண்டாவது தூண் வரைக்கும்."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"யாரோ நிக்கற மாதிரி இருக்கும்."

"அது பெரும்பாலும் சூப்பர்வைசர்தான். தெரியாம இருந்ததே நல்லது." மூடியை இறுக்கினான். "நான் கையக் கைய ஆட்டுவேன், நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டே. திமிரு புடிச்சதுன்னு நெனச்சேன்."

"எப்போ ஆட்டினீங்க?"

"டெய்லி. கெளம்பறப்போ." எழுந்துவிட்டான். வண்டி பக்கம் போய்க் கொஞ்ச நேரம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவளை அங்கே வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் போன் செய்தார். இனி வர வேண்டாம், உள்ளே வருகிற பாஸை மட்டும் காலையில் ஒப்படைத்துவிடு, என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலை பாஸை வாங்கிக்கொள்ளும் அறை எதிர்க் கட்டிடத்தில் இருந்தது. உள்ளே இரண்டு மேஜைகள். பாஸ் வாங்குகிறவர் இன்னும் வரவில்லை. மற்ற மேஜையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால், நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்ட ஒரு அம்மாள் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"பாஸ் குடுக்கணும்."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "ம்" என்றார்.

பூச்சிக்கும் தெரிந்துவிட்டது.  அவள் நினைத்து வைத்திருந்த முகம் இதைவிடக் குண்டு.

"ஆறு வாரமா எனக்குத் தப்பா எடை குடுத்திருக்கே" என்றார் லோடு மேடம். "கொறச்சுச் சொல்லாம கூட்டிச் சொன்னியே, அதால எல்லாரும் உயிரோட இருக்காங்க. நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

"தெரியும் மேடம்."

"உக்காரு. அவரு வர அரை மணி ஆகும்."

பூச்சி உட்கார்ந்தாள். மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடினார். "ராத்திரியே செய்தி வந்திருக்கு. குஞ்சு போய்ச் சேர்ந்துடுச்சு." கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். "ரெண்டாயிரத்து முந்நூத்து எண்பத்தொம்பது உயிரோட. பதினொண்ணு போயிடுச்சு. இவ்வளவு தூரத்துக்கு அது ஒண்ணுமே இல்ல."

பூச்சி மடியிலிருந்த பாஸின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எந்தப் பெட்டியில மேடம்?"

"என்ன?"

"அந்தப் பதினொண்ணு. எல்லாம் ஒரே பெட்டியிலயா, இல்ல தனித்தனியாவா?"

லோடு மேடம் திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அதெல்லாம் யாரு எழுதுவாங்க" என்றார்.